பாறையில் பதினோரு சிவப்பு

ஏலகிரி மலையில் கிழக்கே பார்த்த ஒரு பாறை இருக்கிறது. இந்தக் கதையில் சந்தேகம் வருகிறவர்கள் அதையே கேட்டுக்கொள்ளலாம்.

வாணியம்பாடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார் தணிகாசலம். ஐம்பத்தாறு வயது. அவர் படம் எடுத்தால் வழுக்கை மாப்பிள்ளைக்கும் முடி முளைக்கும் என்று பேர். அப்பேர்ப்பட்டவர், வால் நட்சத்திரத்தைப் படம்பிடிக்கக் கற்றுக்கொள்ள அறவாழியிடம் போய்ச் சேர்ந்தார். அறவாழிக்கு முப்பத்து நாலுதான். பகலில் ஆஸ்பத்திரியில் எலும்பை எக்ஸ்ரே எடுப்பார். இருட்டினால் வானத்தை எடுப்பார்.

மூத்தவர் இளையவரை "சார்" என்றார். இளையவர் மூத்தவரை "அண்ணே" என்றார். அதுவரை வம்பில்லை.

வம்பு ஜெசிந்தா ரூபத்தில் வந்தது. ரவிக்கை தைக்கிறவள். அறவாழியிடம் சேர்ந்து மூன்று மாதம்தான். கையில் யாரோ விற்றுத் தள்ளிய பழைய கேமரா. அறவாழி இருவருக்கும் ஒரே பாடம்தான் நடத்தினார். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்து. ஒரே படத்தில் எல்லாம் வந்துவிடாது, நூறு எடு. கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு. நடுநடுவே லென்ஸில் பனி கட்டுகிறதா என்று பார்த்துத் துடை.

வால் நட்சத்திரம் வந்தது. போனால் எண்ணூறு வருஷம் கழித்துத்தான் திரும்புமாம். விடிவதற்கு முன்னாலேயே இருவரும் அந்தப் பாறைக்குப் பின்னால், பத்தடி இடைவெளியில் ஸ்டாண்டைப் போட்டார்கள்.

அன்று மத்தியானம் அறவாழியின் வீட்டில் படங்களை அடுக்கினார்கள். ஜெசிந்தாவின் படத்தில் வால் தேர்வடம் போல நீண்டு கிடந்தது. தணிகாசலத்தின் படத்தில் இருந்தது வால் நட்சத்திரமா, மோரில் ஊறிய வடையா என்று சொல்ல முடியவில்லை.

பள்ளிக்கூடத்து வாசலில் மாட்ட ஒரே ஒரு படம் கேட்டிருந்தார்கள். எது போகும் என்று கேட்கவே வேண்டாம். ஜெசிந்தா, ரவிக்கை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று கிளம்பினாள். தணிகாசலம் கிளம்பவில்லை. அவர் வயிற்றெரிச்சலில், முன்னால் ஆறிப்போயிருந்த டீ மறுபடி கொதித்தது. பொய் என்றால் பாறையைக் கேளுங்கள்.

"சார், ஒண்ணு கேப்பேன். மறைக்காம சொல்லணும்."

"கேளுங்கண்ணே."

"அந்தப் பொண்ணுக்குத் தனியா என்ன சொல்லிக் கொடுத்தீங்க?"

அறவாழி கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தணிகாசலத்தின் நூறு படங்களையும் திறந்து, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனார். முதல் பத்தும் பளிச்சென்று இருந்தன. அடுத்ததில், படத்தின் அடியில் பாறை சிவந்திருந்தது.

"இது என்ன வெளிச்சம்ணே?"

"நம்ம நெத்தி விளக்குதான் சார். இருட்டுல கண்ணு கூசக் கூடாதுன்னு சிவப்பு விளக்குதானே கட்டச் சொன்னீங்க?"

"கேமராவை விட்டுட்டு எங்க போனீங்க?"

"காலு மரத்துப் போச்சு. சும்மா நாலு எட்டு நடந்தேன்."

தட்டினார். பத்தொன்பதில் சிவப்பு. இருபத்தேழில் மறுபடி சிவப்பு.

"காலு ரொம்பத்தான் மரத்திருக்கு."

தணிகாசலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி சார், போனேன். அவ ஸ்கிரீன்ல என்ன விழுதுன்னு எட்டிப் பாக்கத்தான் போனேன். முப்பது வருஷமா கேமரா புடிச்ச கை சார் இது. ஊசி புடிக்கிறவகிட்ட தோக்கணுமா?"

மொத்தம் பதினோரு சிவப்பு. நடுவில் படங்கள் மங்கிக்கொண்டே வந்தன. ஐம்பதுக்கு மேல் பால் கொட்டினாற்போல வெள்ளை; அதற்குள்ளும் சிவப்பு மட்டும் தெரிந்தது.

"பனி. துடைக்க நான் அங்க இல்ல," என்றார் தணிகாசலம், யாரும் கேட்காமலே.

அறவாழி ஜெசிந்தாவின் படங்களைத் திறந்தார். அவையும் மெல்ல மங்கின. பிறகு பாறை சிவந்தது. அதற்கடுத்த படம் கழுவிவிட்டாற்போல இருந்தது. மறுபடி மங்கியது. மறுபடி சிவந்தது. மறுபடி துலங்கியது. தணிகாசலம் விரல்விட்டு எண்ணினார். பத்து விரலும் தீர்ந்து ஒன்று மிஞ்சியது.

"அவளும் துடைக்க மறந்துட்டாளா?"

"வானத்தைப் பாத்து வாயைப் பொளந்துக்கிட்டு நின்னாளாம்ணே. நீங்க வர்றப்ப, உங்க விளக்குலதான் லென்ஸ்ல பனி இருக்கறது தெரிஞ்சுதாம். இன்னிக்கு உங்களுக்கு முன்னாடியே வந்து அதைத்தான் சொன்னா. 'ஸ்டூடியோ அண்ணன் பாவம் சார். தன் வேலையை விட்டுட்டுப் பதினோரு தடவை வந்து வெளிச்சம் காட்டினாரு'ன்னு."

தணிகாசலம் டீயை எடுத்தார். குடிக்காமலே வைத்தார்.

"தனியா நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கலண்ணே," என்றார் அறவாழி. "இப்ப நான் ஒண்ணு கேக்கணும். பள்ளிக்கூடத்துல மாட்டுற படத்துக்குக் கீழ உங்க பேரையும் போடணும்னு வாசல்ல என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கா. போடட்டுமா?"