அடம்பங்கொடியின் இலை பிளந்த கதை

அடம்பங்கொடிக்கும் நண்டுக்கும் கடலுக்கும் வாய் இருந்த காலம் அது. அடம்பின் இலை அப்போது பிளவில்லாமல் உள்ளங்கை போல வட்டமாக இருந்தது. கொடி மணல்மேடு முழுக்கப் படர்ந்து கிடக்கும். கடல் அதன் ஓரம்வரை வந்து, "இதுக்கு மேல உங்களுதா?" என்று கேட்கும். "ஆமா, எங்களுது" என்று கொடி சொல்லும். கடல் திரும்பிப் போய்விடும். தினமும் இதே பேச்சுதான். இரண்டு பேருக்கும் அலுத்ததில்லை.

அந்த மேட்டை ஒட்டி ஒரு மீனவக் குப்பம் இருந்தது. ஆடி மாதத்தில் அவர்களுக்குக் கரைவிழா. தங்களைத் தாங்குகிற கரைக்கு அது ஒருநாள் மரியாதை. அடம்பங்கொடியைப் பூவோடு வெட்டி மாலையாகத் திரித்து அலைநுனியில் போடுவார்கள். முதலில் வீட்டுக்கு ஒரு முழம் என்றுதான் இருந்தது. பிறகு போட்டி வந்துவிட்டது. எந்த வீட்டு மாலை நீளமோ, அந்த வீட்டுப் பெண்தான் பறைக்கு முன்னால் நடந்துபோய் கடலைக் கரைக்குக் கூப்பிடுவாள்.

ஒரு வருஷம் சித்திரையில் அந்தக் குப்பத்துத் தையாளின் பெண்குழந்தை இறந்துபோனது. பிறந்து நாற்பது நாள்தான். பச்சைக்குழந்தையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் இல்லை. வீட்டுக்குப் பின்னால், மேட்டில், கொடிக்கு அடியில் புதைத்தார்கள். அதற்குப் பிறகு தையாள் வாசலுக்கு வரவில்லை.

அவள் ஓரகத்தி செம்பாயிக்கு வாய் நீளம். விழா அன்று காலையில், தையாள் காதில் விழவேண்டும் என்றே, அவள் வீட்டை ஒட்டித் தண்ணீர் எடுக்கும் ஊற்றங்கரையில் நின்று சொன்னாள்: "பூ கெடக்குற மேடெல்லாம் அவ வூட்டுக்குப் பின்னாலதான். என்னத்துக்கு? மூலையிலயே குந்தி குந்திக் கை சூம்பிப் போச்சு. இனி அவளாவது, கடலைக் கூப்புடறதாவது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தையாளுக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை.

"வுடு புள்ள, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றான் அவள் புருஷன் கலியன்.

"அடுத்த வருசமும் இவளுவ இருப்பாளுவ. ஒரே ஒரு நாளு இவளுவ முன்னால நிமிந்து நடந்துட்டு வந்துடுறேன்" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள்.

கொடி அவளைப் பார்த்ததும் கெஞ்சியது. "வேற எங்க வேணும்னாலும் வெட்டிக்க தாயி. இங்க மட்டும் வேணாம்."

"ஏன், இங்க என்ன?"

"ஒன் மவள நான்தான் புடிச்சிக்கிட்டு இருக்கேன். என்னை வெட்டுனா மணலு நழுவும்."

"செத்த புள்ள எங்க ஓடப்போவுது? ஒன் உசுருக்குப் பயந்து எம் புள்ளையச் சொல்லாத."

நண்டு வளையிலிருந்து தலையை நீட்டியது. "அது சொல்றதக் கேளு. நான் தெனம் தோண்டுறவன். இந்த மணல நம்பி ஒரு வளைகூட ரெண்டு நாளு நின்னதில்ல."

"குறுக்கால நடக்குற பய நீ. ஒன் வாயில நேரா ஒரு வார்த்தை வருமா?"

சொல்லிவிட்டாளே தவிர, ஓங்கிய அரிவாள் அப்படியே நின்றது. காலில் எறும்பு ஊர்ந்த இடத்தைக்கூட அவள் சொறியவில்லை. அப்போது குப்பத்தில் பறை அடிக்கத் தொடங்கினார்கள். செம்பாயியின் சிரிப்பும் கேட்டது. தையாள் வெட்டினாள்.

இலைகள் நடுவில் பிளந்தன. கொடியிலிருந்து வெள்ளையாகப் பால் வடிந்து மணிக்கட்டெல்லாம் ஓடியது. மார்புச்சேலையும் நனைந்திருந்தது. அது கொடியின் பாலா, இன்னும் வற்றாத தன் பாலா என்று அவள் பார்க்கவில்லை. மேட்டை மொட்டையாக்கிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

இரு கையும் விரித்தால் ஒரு பாகம்; அப்படி நாற்பது பாக நீளம் வந்தது மாலை. ஊரே வாயைப் பிளந்தது. செம்பாயி வழிவிட்டு ஒதுங்கினாள். தையாள் பறைக்கு முன்னால் தலைநிமிர்ந்து நடந்தாள். மாலையை அலையில் போட்டு, "வா தாயே, எங்க கரைக்கு வா" என்று கூப்பிட்டாள். அப்போது அவள் மனசு லேசாக இருந்தது. குழந்தை போன பிறகு முதல்முறையாக லேசாக இருந்தது. அதற்காகப் பின்னால் அவள் தன்னை மன்னிக்கவேயில்லை.

கடல் வந்தது. மேட்டுக்குக் கீழே நின்று வழக்கம்போல, "இதுக்கு மேல உங்களுதா?" என்று கேட்டது. பறைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பதில் சொல்லவேண்டிய கொடி, வேரறுந்து அலையில் மிதந்துகொண்டிருந்தது. கடல் இன்னொரு முறையும் கேட்டது. பிறகு, கூப்பிட்ட வீட்டுக்குள் விருந்தாளி போவதுபோல மேலேறிப் போனது.

அதற்குக் கோபமே இல்லை. உச்சிவெயிலுக்குள் மேடு கரைந்துவிட்டது. ஜனங்கள் படகுகளை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். வெள்ளம் வடிந்ததும் தலைகளை எண்ணிப் பார்த்து, "நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆவல" என்றார்கள்.

தையாள் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். "எம் புள்ளையக் குடு."

"நீதானே கூப்பிட்ட?" என்றது கடல். "வேலியையும் எடுத்து எங் காலடியில போட்ட. குடுக்குறன்னு நெனச்சேன்."

"நான் குடுக்கல. மானத்துக்காகச் செஞ்சிட்டேன். எங்க வச்சிருக்க, அதையாவது சொல்லு."

கடல் தன் அலைகளைப் புரட்டித் தேடிப் பார்த்தது. "எங்க வச்சேன்னு எனக்கே தெரியல, பொண்ணே. எங்கிட்ட எதுவும் ஒரு எடத்துல நிக்காது. ஏதோ ஒரு கரையில போட்டிருப்பேன்."

அதுதான் கடல் மனுஷரிடம் பேசிய கடைசிப் பேச்சு.

எட்டாம் நாள், மேடு இருந்த இடத்தில் அறுபட்ட வேர் ஒன்று துளிர்த்தது. அதன் இலைகள் எல்லாம் நடுவில் பிளந்தே வந்தன. தையாள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு வார்த்தை பேசேன். திட்டவாவது திட்டு" என்றாள். கொடி பேசவில்லை.

அவள் எழுந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் மொண்டு வந்து அதற்கு ஊற்றினாள். அடுத்த குப்பத்துக்குப் போய் அங்கிருந்த கொடிக்கும் ஊற்றினாள். அதற்கடுத்த கரைக்கும் போனாள். கடல் எந்தக் கரையில் போட்டதோ, எந்தக் கொடி பிடித்து வைத்திருக்கிறதோ, அவளுக்குத் தெரியாது. முதலில் பைத்தியம் என்றார்கள். அடுத்த ஆடியில் செம்பாயி தன் குடத்தையும் தூக்கிக்கொண்டு பேசாமல் அவள் பின்னால் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். தையாள் எந்தக் கரையில் போய் முடிந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

அந்த ஆடியிலிருந்துதான் கரைவிழாவில் பறையும் இல்லை, மாலையும் இல்லை. தன் வீட்டுப் பிள்ளை எந்தக் கொடிக்கு அடியில் என்று தெரியாதவர்களைப் போல, ஆளுக்கொரு குடத்தோடு வந்து, பிளந்த இலைகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, கடலைக் கூப்பிடாமலே திரும்பிப் போகிறார்கள்.