வால் சொன்ன சம்மதம்

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. பேசியதோடு நில்லாமல், தங்களுக்கொரு தலைவரைத் தாங்களே தேர்ந்தும் கொண்டன. மழை பொழிந்து தாமரையேரி நிறைந்ததும், எந்தக் கிளையில் யார் கூடு கட்டுவது, யார் முட்டைக்கு யார் காவல் என்று தீர்ப்பவர் அத்தலைவரே.

முதலில் கூவித்தான் தேர்ந்தன. மயில் அகவியதால் மற்றவர் குரல் எவர் காதிலும் விழவில்லை. இது முறையன்று என்று கூழாங்கல் வந்தது: ஆளுக்கொரு கல், விரும்பியவர் முன் இடவேண்டும், குவியல் பெரிதானவர் தலைவர். நல்ல முறையாகத்தான் தோன்றியது. ஆனால் சிறு பறவைகளின் கற்கள் கிளிக்கும் மைனாவுக்குமாகச் சிதறின. வல்லூறுகளோ ஒரு கல்லும் சிதறாமல் தம் இனத்தானுக்கே இட்டன. பலரும் வேண்டாத வல்லூறு தலைவராயிற்று. அவ்வாண்டு கரைப்பாறை இடுக்கில் நங்கை என்னும் சிறுகுருவி இட்ட முட்டைகளைத் தலைவரே உண்டார்.

“காவலுக்குக் கூலி” என்றார்.

அடுத்த மழையில் நங்கை மீண்டும் முட்டையிட்டிருந்தாள். தேர்தலன்று அலகில் கல்லைக் கவ்வி வந்து நின்றாள். எதிரே கிளி, மைனா, வல்லூறு. ஓரத்தில், பிறர் சொல்லிப் போட்டிக்கு நின்ற நீர்ப்பறவை, நெற்றியில் திருமண் இட்டாற்போல் வெண்மை துலங்கும் நாமக்கோழி.

“என்னடி நங்கை, பொழுது சாயும்வரை நிற்பாயோ? என் முன்னே போடு” என்றது கிளி.

“உனக்கெதற்கு? போன வருஷமே எனக்கு வாக்குக் கொடுத்தவள் அவள்” என்றது மைனா.

“சண்டையிடுங்கள். எனக்கு அவசரமில்லை” என்றது வல்லூறு, சிறகைக் கோதியபடி.

நங்கையின் நெஞ்சு முட்டைகளிடம் இருந்தது. எவருக்குக் கல்லை இட்டாலும் மற்றவர் இளைப்பார், வல்லூறு வெல்லும்.

கூட்டத்தை நடத்திய முதிய கூழைக்கடா பொறுமை இழந்தது. “கிளி தலைவரானால் உனக்குச் சம்மதமா, குழந்தாய்?”

வாயில் கல். பேச இயலாமல் வாலை ஆட்டினாள்.

“மைனா?” ஆட்டினாள்.

“நாமக்கோழி?” இன்னும் விரைவாக ஆட்டினாள்.

“வல்லூறு?” வால் அசையவில்லை.

“செல்லாது. ஒருவருக்குத்தான் ஒப்பலாம்” என்று சீறியது வல்லூறு.

நங்கை கல்லை ஏரியில் போட்டுவிட்டுக் கூழைக்கடாவைப் பார்த்தாள். “ஐயா, என் மனத்தில் மூவருக்கும் இடமிருக்கிறது. கல் ஒன்று என்பதற்காக இருவரை நான் கைவிட வேண்டுமா?”

பிறகு ஒரு சிட்டு தன் கல்லை நீரில் நழுவவிட்டது. அதைக் கண்டு மற்றவையும் விட்டன. கூழைக்கடா ஒவ்வொரு பெயராகச் சொல்ல, ஏற்றவர்க்கெல்லாம் வால்கள் அசைந்தன. கிளியின் சுற்றம் மைனாவுக்கு ஆட்டவில்லை. மைனாவின் சுற்றம் கிளிக்கு ஆட்டவில்லை. நாமக்கோழிக்கோ இரு சுற்றமும் ஆட்டின. அதுவே வென்றது.

“நான் நீரில் கிடப்பவன். கிளைகளைப் பற்றி எனக்கென்ன தெரியும்?” என்று கூசியது நாமக்கோழி.

“அதனால்தான் உமக்குக் கிளைமேல் ஆசை வராது” என்றன கிளியும் மைனாவும் ஒரே குரலில். அவை ஒத்துப்போனது அதுவே முதல்முறை, ஏரியே சிரித்தது.

வல்லூறு மலைப்பக்கம் பறந்தது. சில நாளில் பாறை இடுக்கில் நங்கையின் குஞ்சுகள் கண் திறந்தன.

“தேர்தல்தான் முடிந்ததே, வாலை நிறுத்தேன்” என்று கேலி பேசியது கிளி.

“நிறுத்தத்தான் பார்க்கிறேன். மகிழ்ச்சி விடமாட்டேன் என்கிறது” என்றாள் நங்கை.

நீர்க்கரையில் அவள் வழிவந்த குருவி ஓயாது வாலசைப்பது அன்று தொடங்கியதுதான். நாம் அதை வாலாட்டிக்குருவி என்கிறோம்; அதுவோ இன்றும் சம்மதம் சொல்லிக்கொண்டிருக்கிறது.