வெறும் ஓலை

ரொம்ப நாளைக்கு முன்னாடி செங்காவி நாட்டைக் கோளரி என்ற ராஜா ஆண்டான். நல்ல மனுஷன்தான். ஆனால் புதுசு ஒன்றைப் பார்த்துவிட்டால் பழசைத் தூக்கிப் போடு என்பான்.

அந்த வருஷம் அவனுக்குச் செப்பேட்டுப் பைத்தியம். "ஓலையைப் பூச்சி தின்னும். செம்பு ஆயிரம் வருஷம் நிற்கும். எல்லாச் சாசனத்தையும் செம்பில் வெட்டுங்கள். செம்பில் இல்லாதது இனி இந்த நாட்டிலேயே இல்லை!"

மந்திரி வல்லபராயர் முந்திக்கொண்டு அந்த வேலையைக் கேட்டு வாங்கினார். காரணம் பொறாமை, வேறென்ன? சுவடிச் சாலையில் ஓலைக்கு மை தடவுகிறவள் வடிவாச்சி. ராஜாவுக்கு எதில் சந்தேகம் வந்தாலும் "கூப்பிடு வடிவாச்சியை" என்பான். பக்கத்திலேயே நிற்கிற ராயரைக் கேட்கவே மாட்டான். அதனால் ராயர் அவளை வெளியே நிறுத்திவிட்டு, தானே உட்கார்ந்து சுவடிகளைப் பிரித்தார். எழுத்துள்ள ஓலை செம்பு வெட்டுகிறவர்களிடம் போனது. வெறும் ஓலை அரண்மனை அடுப்புக்குப் போனது.

செப்பேடு வந்தது, வம்பும் வந்தது. ஏரித் தண்ணீரில் மேல்கரைக்கு முறை இருந்தது. கீழ்க்கரையின் பேரே இல்லை.

"செம்பில் இல்லையா? அப்போ முறையும் இல்லை. சாயங்காலம் கீழ்மடையை அடைத்துவிடுங்கள்" என்றான் ராஜா.

கீழ்க்கரையில் அப்போதே நாற்று மஞ்சளடித்துக் கிடந்தது. அது வடிவாச்சி பிறந்த ஊர். அவள் அழவில்லை. நேரே சமையல்கட்டுக்கு ஓடி, எரியாமல் மிச்சமிருந்த குவியலை விரலால் தடவித் தடவி இரண்டு ஓலையை எடுத்துக்கொண்டு சபைக்கு வந்தாள்.

"மகாராஜா, செம்பில் இல்லாதது இல்லைதானே?"

"இல்லவே இல்லை."

"அப்போ கொஞ்சம் கீழே இறங்குங்க."

"எங்கிருந்து?"

"சிம்மாசனத்திலிருந்துதான். பெரிய ராஜா உங்களைத் தத்தெடுத்தார். அந்தச் சாசனம் எந்தச் செப்பேட்டில் இருக்கு? ராயரைத் தேடச் சொல்லுங்க."

ராயர் தகடு தகடாகப் புரட்டினார். சத்தம்தான் வந்தது, சாசனம் வரவில்லை. ராஜா உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் பாதியில் நின்றான்.

"யோவ் ராயரே, என்னை எங்கேய்யா தொலைச்சீர்?"

"ஓலையிலேயே இல்லை மகாராஜா! நானே பார்த்தேன். அடுப்புக்குப் போனதெல்லாம் வெறும் ஓலை."

"இது மாதிரியா ராயரே?" என்று வடிவாச்சி இரண்டையும் நீட்டினாள்.

ராயர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆமாம், வெறும் ஓலை. இதில் ஓர் எழுத்து இருந்தாலும் நான் உனக்கு மைச்சட்டி தூக்கறேன்."

"சபை கேட்டுக்கிச்சு."

விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்தாள். ஓலை மேல் பூசித் துணியால் துடைத்தாள். அவ்வளவுதான். வரி வரியாக எழுத்து கறுத்து எழுந்தது. எழுத்தாணி ஓலையைக் கீறும், அவ்வளவே. கீறல் கண்ணுக்குத் தெரிய மை வேண்டும். மை உதிர்ந்தால் திரும்பத் தடவணும். சாலைக்குள் அதுவரை காலே வைக்காத ராயருக்கு அது எப்படித் தெரியும்?

முதல் ஓலையில், கீழ்க்கரைக்கு வாரத்தில் மூன்று நாள் தண்ணீர். இரண்டாவதை ராஜாவே வாங்கிப் படித்தான். 'கோளரி என்னும் இப்பிள்ளை இன்று முதல் என் பிள்ளை.'

"எங்க அப்பா எழுத்து" என்றான். பிறகு, "எத்தனை எரிஞ்சது?" என்று கேட்டான்.

"ஒன்பது கட்டு" என்றாள் வடிவாச்சி.

ராயர் தலைப்பாகையைக் கழற்றிவிட்டார். "சந்தேகம் வந்தது மகாராஜா. இவளைப் போய்க் கேட்பதான்னு இருந்துட்டேன்."

"நானும்தான் கேட்கலை. பழசைத் தூக்கிப் போடச் சொன்னது என் வாய்தானே? ஆனா சொன்ன சொல் சொன்னதுதான். மைச்சட்டியைத் தூக்கும்."

கீழ்மடையை அடைக்கப் போன ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இரண்டு சாசனமும் செம்பில் ஏறின. ஓலைகள் சாலைக்கே போயின. வடிவாச்சியைச் சாலைக்குத் தலைவியாக்கினான் ராஜா. அவள் பார்க்காமல் ஒரு துண்டு ஓலையும் வெளியே போகக் கூடாது என்பது புது உத்தரவு.

மறுநாள் காலை, மூக்கு வரை கரியோடு ராயர் ஓர் ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "வடிவாச்சி, எனக்கு இதில் ஒண்ணும் தெரியலைம்மா" என்றார்.

"கொண்டாங்க, சேர்ந்து பார்ப்போம்" என்று அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.