பட்டுவின் இடது காதோரச் சிக்கு

முன்னொரு காலத்தில் வேங்கைமாபுரம் என்ற நாட்டை ரணதீரபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டது பாதி நேரம்தான். மீதி நேரமெல்லாம் சந்தேகப்பட்டான். சோற்றை மூன்று பேர் தின்று பார்த்த பிறகுதான் வாயில் வைப்பான். தலையணைக்குள் என்ன இருக்கிறதோ என்று பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் அரண்மனை முழுக்கப் பஞ்சு பறந்தது. அந்த மனுஷன் இந்த உலகத்தில் நம்பிய ஒரே ஜீவன், சீனத்துக் கப்பல் வியாபாரி காணிக்கையாகக் கொடுத்த பட்டு என்கிற நாய். ஒரு முழ உயரம்கூடக் கிடையாது. ஆனால் பொன்னிற முடி தரையைக் கூட்டிக்கொண்டு வரும். சபை நடக்கும் நேரமெல்லாம் அது ராஜாவின் மடியில்தான் கிடக்கும்.

அந்த முடியைப் பேணுவதற்கு, மகாராணிக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த மருதாயியை வைத்தார்கள். அவள் கை பதமான கை. முடியின் அடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து சிக்கெடுப்பாள். நாய்க்கு வலியே தெரியாது. சிக்கெடுத்து முடிக்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டாள். ஈரம் பட்டால் சிக்கு இறுகிக் கயிறாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

நாயைக் கொண்டுவந்து விடும்போது ராஜா அவளிடம் ஊர் நடப்பைக் கேட்பான். அவளும் உள்ளதை உள்ளபடி சொல்வாள். இது பிரதானி திருமேனிநாதருக்குப் பொறுக்கவில்லை. ராஜாவின் காதில் குனிந்து பேசுகிற உரிமை தனக்கு மட்டும்தான் என்று இருந்தவர் அவர். எப்படியாவது அவளைக் கிளப்பிவிட்டு அந்த வேலையில் தன் அக்காள் மகனை நுழைக்கப் பார்த்தார்.

இப்படி இருக்கையில் பட்டுவின் இடது காதுக்குப் பின்னால் சிக்கு விழ ஆரம்பித்தது. காலையில் மழமழவென்று வாரி அனுப்புவாள். சபை கலைந்து வரும்போது சுண்டைக்காய் சுண்டைக்காயாக இரண்டு மூன்று முடிச்சு இருக்கும். தினமும் அதே இடம்.

பிரதானி சும்மா இருப்பாரா? ராஜாவின் காதில் குனிந்தார். மருதாயி ஏதோ மந்திரம் ஓதி முடிச்சுப் போடுகிறாள், ஒவ்வொரு முடிச்சிலும் மகாராஜாவின் ஆயுளைக் கட்டுகிறாள் என்று போட்டுக்கொடுத்தார். ஏற்கெனவே ஆடுகிற பேய்க்கு உடுக்கை அடித்தால் கேட்கவேண்டுமா? நாளைச் சபை கலைவதற்குள் முடிச்சுப் போட்ட ஆளை மருதாயி காட்டவேண்டும், அந்த ஆளுக்குச் சபை நடுவே மொட்டை, காட்டாவிட்டால் அவளுக்கே மொட்டையடித்து நாட்டைவிட்டுத் துரத்துவது என்று ராஜா சொல்லிவிட்டான்.

மருதாயி யோசித்துப் பார்த்தாள். மொட்டைத் தலைக்காரியிடம் எவள் சடை பின்னத் தலையைக் கொடுப்பாள்? போகிற ஊரிலும் பிழைப்பு கிடையாது. அன்றைக்கு அவளுக்கு எவரைப் பார்த்தாலும் சந்தேகமாக இருந்தது. சாமரம் வீசுகிறவளோ? வெற்றிலை மடித்துக் கொடுக்கிறவனோ? ஆனால் ஒன்றை அவள் கவனித்திருந்தாள். பிரதானியின் தலை தெரிந்தாலே பட்டு உடம்பைக் குறுக்கிக்கொள்ளும். ஆள் இவர்தான் என்று மனசுக்குள் முடிவுகட்டினாள்.

மறுநாள் காலையில் மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, பட்டுவின் காதுக்குப் பின்னால் முடியை விலக்கி அடிவேரில் மட்டும் பூசினாள். பொன்னிற முடிக்குள் மஞ்சள் வெளியே தெரியவில்லை. மேலே தடவிக்கொடுக்கிற கையில் அது ஒட்டாது. அடிவரை விரலை விட்டுத் திருகினால்தான் ஒட்டும். பிறகு ராஜாவிடம், சபை கலையும்வரை யாரும் கை கழுவக் கூடாது என்று மட்டும் உத்தரவு வாங்கிக்கொண்டாள்.

சபை முடிந்தது. பட்டுவின் காதோரம் மூன்று முடிச்சு. மருதாயி மஞ்சள் விஷயத்தைச் சொல்லி, எல்லாரையும் கையை நீட்டச் சொன்னாள். சாமரக்காரி கை சுத்தம். வெற்றிலைக்காரன் கையில் சுண்ணாம்புதான் இருந்தது. பிரதானி இரண்டு கையையும் விரித்து நாலு பக்கமும் திருப்பிக் காட்டினார். தும்பைப்பூ மாதிரி வெள்ளையாக இருந்தது.

"நாவிதனைக் கூப்பிடலாமா, மகாராஜா?" என்றார் பிரதானி.

தலை குனிந்த மருதாயியின் பார்வையில் சிம்மாசனத்துக் கைப்பிடி பட்டது. அதன்மேல் ராஜாவின் வலக்கை. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மஞ்சளோ மஞ்சள்!

ஐயோ, ராஜாவைக் காட்டிக்கொடுத்தால் போவது முடியா, தலையா? ராஜாவின் மடியில் கிடந்த பட்டுவைப் பார்த்தாள். அப்புறம் பட்டு யாரைக் கண்டு குறுகும் என்பது ஞாபகம் வந்தது.

"மகாராஜா, இன்றைக்குப் பிரதானி ஐயா உங்கள் காதில் எத்தனை சேதி சொன்னார்?"

மூன்று என்றான் ராஜா. மைத்துனன் ஆள் சேர்க்கிறானாம், தளபதி எதிரிக்கு ஓலை எழுதுகிறானாம், வைத்தியன் மருந்தில் எதையோ கலக்கிறானாம்.

"சேதி மூன்று, முடிச்சும் மூன்று. பட்டுவை நான் வாங்கிக்கொள்கிறேன். ஐயா அதையே இன்னொரு தடவை சொல்லட்டும். மகாராஜா உங்கள் விரலைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

ராஜா சொல்லச் சொன்னான். பிரதானி வேறு வழியில்லாமல் குனிந்து, மைத்துனன் கதையை முணுமுணுத்தார். ராஜாவின் இரண்டு விரலும் மடியில் கிடந்த சரிகை அங்கவஸ்திரத்தின் கரையைப் பற்றித் திருகு திருகென்று திருக ஆரம்பித்தன. சபை மொத்தமும் பார்த்தது. ராஜாவும் பார்த்தான். தன் விரல்தானா என்று தூக்கிப் பிடித்துப் பார்த்தான், மஞ்சளாக இருந்தது.

"முடிச்சு விழுந்தது உங்கள் விரலால், மகாராஜா. விரலைத் திருக வைத்தது ஐயாவின் நாக்கு" என்றாள் மருதாயி.

ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. நம்பிய ஒரே ஜீவனையும் தானே நோகடித்திருக்கிறோமே என்று கண் கலங்கினான். நாவிதனை வரவழைத்தான்.

"சொன்ன சொல் சொன்னதுதான். விரலுக்காக என் மீசையை எடு. நாக்குக்காகப் பிரதானியின் தலையைச் சிரை. குடுமியையும் விடாதே."

பத்து வருஷம் முறுக்கிய மீசை முதலில் விழுந்தது. பிரதானியின் குடுமி அதற்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் உட்கார்ந்திருந்த ஆசனத்தில், சீப்பும் கையுமாக மருதாயியை உட்காரச் சொன்னான் ராஜா.

அப்புறம் பட்டுவுக்குச் சிக்கு விழவில்லை. மீசை வளர்ந்தது, ராஜாவின் சந்தேகமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. யாராவது ராஜாவின் காதுப் பக்கம் குனிந்தால் போதும், பட்டு மடியைவிட்டுக் குதித்து மருதாயியின் காலடிக்குப் போய்விடும். நாய் இறங்கினதும் சபையே திரும்பிப் பார்க்கும். குனிந்தவர், மகாராஜாவின் தோளில் தூசி இருந்தது என்று தட்டிவிட்டுப் போய்விடுவார்.