நாற்காலிமேல் விழுந்த வெள்ளை

கோத்தகிரியில் ஸ்டுடியோ வைத்திருந்த வேதமணி டீச்சரிடம் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்களில் சுந்தரலிங்கம்தான் மூத்தவர். குருவுக்கே அண்ணன் வயது. மனைவி பூங்கோதை இறந்துபோன பிறகு, வீட்டில் சும்மா உட்கார முடியாமல் வந்து சேர்ந்தவர்.

மார்கழியில் ஒரு நாள், விடிந்தும் விடியாமலும் கேமராவோடு வந்து நின்றார்.

"டீச்சர், அவ வந்துட்டா."

படத்தில் அவர் வீட்டு வாசல் நாற்காலி. அதன்மேல் ஆள் உட்கார்ந்த மாதிரி வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"அவ வெயில் காயற நாற்காலி. இன்னிக்கு மக வண்டி எடுத்துட்டு வர்றா, என்னைத் திருப்பூருக்கே கூட்டிட்டுப் போயிட. இவளைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது? வரமாட்டேன்னு சொல்லிடப் போறேன்."

டீச்சர் சிரிக்கவில்லை. "பிளாஷ் போட்டீங்களாண்ணே?"

"இருட்டா இருந்துச்சே."

"எடுக்கும்போது ஏதாச்சும் பேசினீங்களா?"

சுந்தரலிங்கத்துக்குக் கூச்சமாகிவிட்டது.

"அவளுக்குத் தெத்துப்பல். கேமராவைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்குவா. கல்யாணப் படத்துலகூடக் கசாயம் குடிச்ச மாதிரிதான் இருப்பா. 'பல்லு தெரியட்டும் கோதை'ன்னு சொல்லிக்கிட்டேதான் எடுப்பேன். என் மண்டையைப் பாத்து 'வழுக்கைக்கு வந்த வாயைப் பாரு'ம்பா. சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவளே சிரிச்சிடுவா. டக்குனு எடுத்துடுவேன்."

"காலையிலயும் சொன்னீங்களா?"

"பழக்கம் விடல."

டீச்சர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டார்.

"பிளாஷ் போட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு ஒண்ணு எடுங்க."

எடுத்தார். நாற்காலி மட்டும் இருந்தது.

"இப்ப அவங்ககிட்ட சொன்னதைச் சொல்லிக்கிட்டே எடுங்க."

"இங்கயா?"

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்."

"பல்லு தெரியட்டும் கோதை."

குளிரில் வாயிலிருந்து ஆவி கிளம்பி கேமரா முன்னால் போனது. பிளாஷ் மின்னியது.

படத்தில் அதே வெள்ளை, நாற்காலிமேல் உட்கார்ந்திருந்தது.

சுந்தரலிங்கம் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அப்ப இது அவ இல்ல. என் வாய் ஆவி."

"ஆமாண்ணே."

தெருவில் ஒரு வண்டி ஏறி வரும் சத்தம் கேட்டது. அவர் கேமராவை உறையில் போட்டு மூடினார்.

"திருப்பூர்ல எடுத்தா இதுகூட விழாது, இல்ல டீச்சர்?"

"விழாது. அங்க இவ்வளவு குளிர் இல்ல" என்றார் டீச்சர். "நீங்க சொல்றதை மட்டும் நிறுத்திடாதீங்க."