சாமிக்கு நேரே போட்ட சோபா

தைவானில் ஒரு பல்கலைக்கழகத்தில் கோவில் பொம்மலாட்டம் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் காவ் சியூலான். அரசு அவரைப் பண்பாட்டு அமைச்சராக்கியபோது, தன் மாணவர்களில் வெய்ஹாங்கை மட்டும் செயலாளராகக் கூட்டிக்கொண்டு தலைநகருக்குப் போனார்.

மற்ற பேராசிரியர்களுக்கு இது பிடிபடவே இல்லை. வகுப்பில் எல்லார் முன்னாலும் எழுந்து, "டீச்சர், நீங்க சொல்றது தப்பு" என்று சொல்கிற ஆள் அவன். இந்த வம்பை யாராவது விலை கொடுத்து வாங்குவார்களா என்று பேசிக்கொண்டார்கள்.

இரண்டு வருடம் போனது. அவர் ரிப்பன் வெட்டினார், நாடாளுமன்றத்தில் நின்றுகொண்டே திட்டு வாங்கினார். அவனும் எல்லாரையும் போல "மேடம்" என்று கூப்பிடப் பழகிவிட்டான்.

ஒருநாள் மதியம் தெற்கே ஒரு கோவில் விழா. அந்தப் பக்கத்தில் பொம்மலாட்ட மேடையைச் சன்னிதியைப் பார்த்துத்தான் போடுவார்கள். ஆட்டம் சாமிக்கு. மனிதர்கள் ஓரமாக நின்று பார்க்கலாம், நடுவில் மறைக்கக் கூடாது. அன்று அந்த நடுவில் அமைச்சருக்காகப் பெரிய சோபா போட்டிருந்தார்கள். சியூலான் வந்தார், சாமிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். படம் எடுத்து முடித்ததும் பாதி ஆட்டத்தில் கிளம்பினார்.

 கார் கிளம்பியதும் வெய்ஹாங், இந்த வேலை போதும், திரும்பவும் படிக்கவே போகிறேன் என்றான்.

"ஏன்?" என்றார் அமைச்சர்.

"அந்த மாதிரி நடுவுல சாமியை மறைச்சு நின்னு படம் எடுத்த ஒரு பையனை நீங்க வகுப்பை விட்டே அனுப்பினீங்க, மேடம். இன்னைக்கு நீங்களே அங்க உட்கார்ந்தீங்க. யாரைத் திருப்திப்படுத்த?"

சியூலானின் முகம் வெளுத்துவிட்டது.

"அங்கயா உட்கார்ந்திருந்தேன்?"

அவர் நடிக்கவில்லை. அது அவனுக்கு உடனே புரிந்தது. சமரசம் என்று நினைத்துக் கோபப்பட்டிருந்தான். இப்போது பயமாக இருந்தது.

காரைத் திருப்பச் சொன்னார். ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. சோபாவின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை அவன் பிடித்தான். கோவில் நிர்வாகிகள் பதறி ஓடி வருவதற்குள் அது ஓரத்துக்குப் போய்விட்டது. அமைச்சர் சன்னிதியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"சோபாவை நீ எப்பப் பார்த்த?"

"வந்து இறங்கினதுமே."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"அத்தனை பேர் இருந்தாங்க. நீங்க அமைச்சர். எப்படிச் சொல்றது, மேடம்?"

மேடையில் ஒரு பொம்மை ராஜா தலையாட்டிக்கொண்டிருந்தார். சியூலான் அதையே பார்த்தபடி கேட்டார்:

"அத்தனை மாணவர்கள் இருந்தப்போ, உன்னை மட்டும் எதுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு நினைச்ச?"