சீர்த்தட்டில் ஒரு சாவி

முன்னொரு சமயம் சங்கரலிங்கம் என்பவருக்கு ஒரே மகள் இருந்தாள். பெயர் கோமதி. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் உறவுக்காரர்கள் முன்கூட்டியே கேட்டார்கள். “என்ன வேணும்னு நீயே சொல்லிரு புள்ள. இல்லைன்னா ஆளாளுக்குச் சுவர்க் கடிகாரமா வாங்கிட்டு வந்து நிக்கப் போறோம்.”

கோமதி ஒருவரிடம் மிக்சி கேட்டாள், ஒருவரிடம் குக்கர் கேட்டாள். அப்பா கேட்டபோது மட்டும், “நம்ம வாசக்கதவுச் சாவி ஒண்ணு குடுங்கப்பா” என்றாள்.

“அது எதுக்கும்மா?”

“இனிமே நான் வந்தா, விருந்தாளி கணக்கா வெளிய நின்னு தட்டணுமா?”

சங்கரலிங்கம் மறுநாளே மாற்றுச் சாவி ஒன்று செய்து, மஞ்சள் நூல் கட்டி, சீர்த்தட்டில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தார்.

புகுந்த வீட்டில் சீர்ப் பொருள்களையெல்லாம் ஓர் அறையில் இறக்கினார்கள். ஆள் நடமாட்டம் அடங்கியதும் குத்துவிளக்கு முதலில் வாய் திறந்தது.

“மங்கலப் பொருள்களுக்கு நடுவே இது எப்படி வந்தது?”

“கேட்டுத்தான் வந்தேன்” என்றது சாவி.

“எதைத் திறப்பாய்?”

“அவள் பிறந்த வீட்டை.”

கடிகாரங்கள்கூட ஒரு நொடி தயங்கின. முன்கூட்டியே கேட்டும் மூன்று வந்திருந்தன.

“வாழ வந்தவள் கையில் திரும்பிப் போகும் வழியா?” என்றது விளக்கு. “இது இருக்கும் வீட்டில் என் சுடர் எப்படி நிற்கும்?”

“என்னைப் போல இருந்துவிடேன்” என்றது பீரோ. “நானும் அவளுக்கு வந்த சீர்தான். என் சாவி மாமியார் இடுப்பில் தொங்குகிறது. வீட்டில் ஒரு சண்டை உண்டா?”

“உன்னைத் திறக்க அவள் யாரைக் கேட்க வேண்டும்?” என்றது சாவி.

பீரோவுக்குக் கோபம் வந்துவிட்டது. சில நாள் கழித்து ஒரு காலையில் மாமியார் பிச்சம்மாள் புடவை எடுக்க வந்தபோது, அது தன் கதவை ஓங்கி உதறியது. கோமதி புடவை மடிப்புக்குள் வைத்திருந்த சாவி ணங்கென்று அவள் காலடியில் விழுந்தது.

“எந்த வீட்டுச் சாவிட்டீ இது?”

கோமதி மறைக்கவில்லை. “எங்க வீட்டுச் சாவி அத்தை.”

“அப்போ இது யார் வீடு?”

கோமதியின் புருசன் நம்பிராஜன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான். அம்மா முகத்தைப் பார்த்தான், மனைவி முகத்தைப் பார்த்தான். “அம்மாகிட்ட குடுத்திரு கோமதி. ஒரு சாவிதான?”

“ஒரு சாவிதானன்னா, இம்புட்டுப் பயம் எதுக்கு?”

பிச்சம்மாள் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு கொல்லைப்புறம் நடந்தாள். “என்னை விடு” என்று சாவி கத்தியது அவள் காதில் ஏறவில்லை. கிணற்றில் ‘ளொடுக்’கென்று ஒரு சத்தம் கேட்டது.

“போக்கிடம் இல்லாதவதான் நிலைச்சு நிப்பா” என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டாள். “இனி ஒழுங்கா இரு.”

அறைக்குள் விளக்கு நிம்மதியாக மூச்சு விட்டது.

கோமதி அடுப்பு வேலை முடித்தாள், துணி துவைத்தாள். வெயில் தாழும் நேரத்தில் நம்பிராஜன் வேலைவிட்டு வந்தபோது வீட்டுக்குள் அவள் இல்லை. கொல்லைக்கு வந்து பார்த்தான். அவள் கிணற்றுச் சுவரில் பாதி உடம்பைச் சாய்த்துக் குனிந்திருந்தாள்.

ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தான். “என்ன பண்ணுத?”

“சாவி தெரியுதான்னு பாக்கேன்.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிடித்த கையை அவனால் விட முடியவில்லை. கடைசியில் விட்டதும் மாமனாருக்குப் போன் போட்டான்.

“மாமா, சாவி கிணத்துல விழுந்துட்டு.”

“விழுந்துச்சா மாப்பிள்ளை, போட்டாங்களா?”

“போட்டாங்க மாமா. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.”

“சரி.”

சங்கரலிங்கம் போனை வைத்துவிட்டுத் திருப்புளியை எடுத்து வந்தார். வாசற்கதவின் பூட்டுக்கு முன்னால் உட்கார்ந்து முதல் திருகைக் கழற்றினார்.

பூட்டு பதறியது. “நான் என்ன குற்றம் செய்தேன்? இன்னொரு சாவி செய்து கொடுத்தால் போதுமே!”

“எத்தனை செஞ்சாலும் கிணறு முழுங்கும். திறந்த கதவை எந்தக் கிணத்துல போடுவாங்க?”

இரண்டாவது திருகும் விழுந்தது. அவர் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார். “எங்க அக்கா ஒருநாள் இந்தக் கதவைத் தட்டினா. ‘புருசன் வீட்டுக்கே போ’ன்னு உள்ள இருந்தே சொல்லிட்டாரு எங்கப்பா. போனா. அப்புறம் அவளை நாங்க பொணமாத்தான் தூக்கிட்டு வந்தோம்.”

“எனக்கு நினைவிருக்கிறது” என்றது பூட்டு மெதுவாக. “ஒரு திருப்பில் திறந்திருப்பேன். யாரும் திருப்பவில்லை.”

அதன் பிறகு அது எதிர்ப்புக் காட்டவில்லை.

மறுநாள் காலை சங்கரலிங்கம் சம்பந்தி வீட்டுக்கு வந்தார். வெற்றிலை, பழம் வைத்த தட்டின் நடுவில் அந்தப் பூட்டு இருந்தது.

“என்ன இது?” என்றாள் பிச்சம்மாள்.

“சீர்ல ஒண்ணு விட்டுப்போச்சு மதினி. எம்மக கையில சாவி இல்லைன்னா, எங்கதவுக்குப் பூட்டு எதுக்கு?”

உள்ளே இருந்த விளக்கு பூட்டைப் பார்த்து மெல்லக் கேட்டது: “இப்போது உன் வீட்டை யார் காக்கிறார்கள்?”

“யாருமில்லை. இரவெல்லாம் திறந்துதான் கிடந்தது.”

பிச்சம்மாளும் அதையேதான் கேட்டாள். “வீட்டத் திறந்து போட்டுட்டு வந்திருக்கீகளே, களவாணிப் பய வரமாட்டானா?”

“வரட்டும் மதினி. எங்கிட்ட இருந்த ஒரே ஒரு நகையைத்தான் உங்க வீட்டுக்கு அனுப்பிட்டேனே.”

நம்பிராஜன் தலை குனிந்தான். கோமதி அப்பாவைப் பார்த்தாள். அழவில்லை.

பிச்சம்மாள் பூட்டைக் கையில் எடுத்தாள். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். இதைக் கிணற்றில் போட்டாலும் பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தட்டிலேயே வைத்துவிட்டு, நின்றுகொண்டிருந்த மருமகள் பக்கம் திரும்பினாள்.

“நீ சாப்பிட்டியாட்டீ?”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.